பேசாத பிள்ளைக்கு எவ்வளவு விளங்குகின்றது?

"அவனுக்கு எல்லாம் விளங்கும், கதைக்கத்தான் மாட்டான்." விசேட தேவையுடைய பிள்ளையொன்றைப் பராமரிக்கும் தாயிடம், வன்னிப் பெருநிலப்பரப்பின் எந்தக் கிராமத்திலும் கேட்கக்கூடிய வாசகம் இது. அதே பிள்ளையின் மருத்துவப் பதிவிலோ "மொழியை விளங்கிக் கொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு" என்றோ "பரிசோதிக்க இயலவில்லை" என்றோ ஒரு வரி எழுதப்பட்டிருக்கக் கூடும். தாய் சொல்வது சரியா, பதிவேடு சொல்வது சரியா? எடுத்த எடுப்பிலேயே விடை கூறிவிட முடியாத கேள்வி இது. இரண்டுமே தவறாக இருப்பதற்கும் இடமுண்டு.

எனினும், இக்கேள்விக்கு யாரோ ஒருவர் அளிக்கும் விடையைக் கொண்டே அப்பிள்ளையின் வாழ்க்கை தீர்மானிக்கப்படுகின்றது. பாடசாலையில் சேர்ப்பதா, வீட்டோடு வைத்திருப்பதா, எழுத்தறிவிக்க முயல்வதா, உண்ணவும் உடுக்கவும் பழக்குவதோடு நிறுத்திக் கொள்வதா, நோயுற்றால் எங்கே நோகின்றது என்று அவரிடமே கேட்பதா, கேளாமலே மருந்து கொடுப்பதா, தீங்கு இழைக்கப்பட்டால் அவரது சாட்சியத்தைப் பெறுவதா, விட்டுவிடுவதா என்பன யாவும் "இவருக்கு விளங்குமா?" என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ-9 வீதியை ஒட்டி அமைந்துள்ள கனகராயன்குளம் போன்ற ஊர்களில் இதற்கான விடையை முதலில் அளிப்பவர்கள் நிபுணர்கள் அல்லர். பெற்றோர், பாட்டன் பாட்டியர், குடும்பநல உத்தியோகத்தர், முன்பள்ளி ஆசிரியை ஆகியோரே அளிக்கின்றனர். ஆகவே, விளக்கத்தை அளவிடுதல் என்றால் என்ன, அது எவ்வாறு பிழைத்துப் போகின்றது, எவ்வாறு செம்மையாகச் செய்யலாம் என்பவற்றை அவர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பேச்சு வேறு, விளக்கம் வேறு

எல்லாக் குழந்தைகளும் பேசுவதற்கு முன்னரே விளங்கிக் கொள்ளத் தொடங்குகின்றன. முதலாவது பிறந்த நாளுக்கு முன்பே "அப்பா எங்கே?" என்றதும் தந்தையின் பக்கம் திரும்பும் குழந்தை, "அப்பா" என்று தானே சொல்வதற்கு மேலும் சில மாதங்கள் செல்லலாம். கேட்டதைப் பொருளோடு இணைப்பது ஒரு திறன். நாவையும் உதட்டையும் மூச்சையும் ஒருங்கிணைத்து ஒலியை உருவாக்குவது இன்னொரு திறன். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமற் போவது சாத்தியமே. பெருமூளை வாதத்தினால் தசைகள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவர் பேச்சு முழுவதையும் விளங்கிக் கொண்டு, ஒரு சொல்லையும் உச்சரிக்க இயலாதவராக இருக்கலாம்.

மறுதலையும் உண்டு. ஓட்டிசம் உடைய பிள்ளைகள் சிலர் தொலைக்காட்சி விளம்பரங்களையும் பாடல்களையும் வரி பிசகாமல் ஒப்புவிப்பர். அவற்றின் பொருள் அவர்களுக்கு விளங்காதிருக்கலாம். எனவே, பேச்சைக் கொண்டு விளக்கத்தை ஊகிப்பது இரு பக்கமும் பிழையான முடிவுகளைத் தரும்.

ஓட்டிசம் உடைய பிள்ளைகளுள் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் பாடசாலை வயதை எட்டிய பின்னரும் மிகச் சில சொற்களே பேசுவோராக அல்லது பேசாதோராக உள்ளனர் என்பது ஆய்வாளர்களின் பொதுவான மதிப்பீடாகும். இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்படுவதாகத் தெரிவித்தது. பெருமூளை வாதம், டவுண் சின்ட்ரோம் முதலியவற்றால் பேச்சுக் குன்றியோரையும் சேர்த்துப் பார்த்தால், இது ஏதோ ஒரு சில வீடுகளின் துயரம் என்று ஒதுக்கிவிடத்தக்க விடயம் அன்று என்பது புலனாகும்.

படமும் விரலும்

விளக்கத்தை அளவிட உலகெங்கும் அதிகம் பயன்படுத்தப்படுவது படத்தேர்வு முறையாகும். 1959 இல் அமெரிக்காவில் வெளியான பீபொடி படச்சொல் தேர்வு இதற்கு நல்ல உதாரணம். ஒரு பக்கத்தில் நான்கு படங்கள் இருக்கும். பரிசோதகர் ஒரு சொல்லைக் கூறுவார். பிள்ளை அதற்குரிய படத்தை விரலால் காட்ட வேண்டும். சொற்கள் எளியவற்றிலிருந்து கடியவற்றுக்கு ஏறிச் செல்லும். பேச வேண்டிய தேவை இல்லாததால், பேசாதோருக்கு இது பொருத்தமானது என்று தோன்றும்.

ஆனால், அந்த ஒரு விரல் அசைவுக்குப் பின்னால் எத்தனை படிகள் உள்ளன என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலில் செவி கேட்க வேண்டும். பின்னர் நான்கு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கோடுகளால் வரையப்பட்ட உருவம் ஒரு பொருளைக் குறிக்கின்றது என்பது தெரிந்திருக்க வேண்டும். கேட்ட சொல்லை நினைவில் நிறுத்த வேண்டும். கையைக் குறிதவறாமல் நீட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறியாத இடத்தில், அறியாத ஒருவர் கேட்பதைச் செய்ய வேண்டும் என்ற விருப்பமும் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒரு படி இடறினாலும் புள்ளி பூச்சியமே. பூச்சியத்துக்குக் காரணம் எந்தப் படி என்பதைத் தேர்வுத்தாள் சொல்வதில்லை. விளக்கம் இல்லை என்று மட்டும் அது வாசிக்கப்படுகின்றது.

கனடாவின் மொன்றியல் நகரில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்தியது. பேச்சு மிகக் குறைந்த, ஓட்டிசம் உடைய 30 பாடசாலைப் பிள்ளைகளுக்கு முதலில் வழமையான நுண்மதித் தேர்வு கொடுக்கப்பட்டது. ஒருவரேனும் அதனை முழுமையாகச் செய்து முடிக்கவில்லை. பின்னர் அதே பிள்ளைகளுக்கு, சொல் விளக்கம் தேவைப்படாத, துண்டுகளைக் கையால் எடுத்துப் பொருத்தும் வடிவிலான ரேவன் தேர்வு கொடுக்கப்பட்டபோது 26 பேர் அதனை முடித்தனர். அவர்களுள் 17 பேரின் புள்ளிகள், அவ்வயதுப் பிள்ளைகளிடம் பரவலாகக் காணப்படும் வீச்சினுள்ளேயே அமைந்தன. இது மொழி விளக்கத்தை அளந்த ஆய்வு அன்று. எனினும் "பரிசோதிக்க இயலாத பிள்ளை" என்ற சொற்றொடர் பல வேளைகளில் பிள்ளையை விடத் தேர்வைப் பற்றியே கூறுகின்றது என்பதை அது உணர்த்தி நிற்கின்றது.

அன்பு செய்யும் பிழை

பதிவேடு பிழைக்கும் விதம் இதுவாயின், வீட்டார் பிழைக்கும் விதமும் உண்டு. தாய் கையில் பையை எடுத்து, தலைவாரி, வாசலை நோக்கித் திரும்பியபடி "செருப்பைப் போடு" என்கிறார். பிள்ளை செருப்பைப் போடுகின்றது. "பாருங்கள், விளங்குகின்றது" என்கிறார். ஆனால் அந்த நேரத்தில் பை, வாசல், தாயின் பார்வை, அன்றாட ஒழுங்கு ஆகிய அனைத்தும் அதே செய்தியைக் கூறிக் கொண்டிருந்தன. சொல்லே இல்லாமலும் பிள்ளை அதைச் செய்திருக்கும். இதுவும் ஓர் அறிவே, மதிக்கத்தக்க அறிவு. ஆயினும் அது மொழி விளக்கம் ஆகாது.

இதன் பழைய பாடம் ஒரு குதிரையிடமிருந்து கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்ளின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை கூறி அறிஞர்களையும் வியக்க வைத்தது. ஒஸ்கார் பபுங்ஸ்ற் என்பவர் அதனை ஆராய்ந்து 1907 இல் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. சரியான எண்ணிக்கையை எட்டும்போது கேட்பவரின் தலையில் தம்மை அறியாமல் ஏற்பட்ட சிறு அசைவையே அது படித்திருந்தது. அங்கே ஏமாற்றுக்காரர் எவரும் இருக்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

மனிதர் விடயத்தில் இதே பிழை பெருந்துயரில் முடிந்தது. பேசாதவரின் கையை அல்லது முழங்கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துகளைத் தட்டச் செய்யும் முறை ஒன்று அவுஸ்திரேலியாவில் தோன்றி, 1990 களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. ஒரு சொல்லும் பேசாதோர் கவிதை எழுதுவதாகக் கூறப்பட்டது. பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். 1993 இல் வெளியான சோதனையொன்றில், நியூயோர்க் மாநில நிலையமொன்றைச் சேர்ந்த 12 பேருக்கும் அவர்களது கையைப் பிடிப்போருக்கும் தனித்தனியே படங்கள் காட்டப்பட்டன. ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்க முடியாது. இருவருக்கும் வெவ்வேறு படங்கள் காட்டப்பட்ட வேளைகளில், சரியாகத் தட்டப்பட்ட சொற்கள் கையைப் பிடித்தவர் கண்ட படத்தின் பெயர்களாகவே இருந்தன. இதற்கிடையில் இவ்வாறு தட்டப்பட்ட சொற்களைக் கொண்டு தந்தையர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, குடும்பங்கள் பிரிக்கப்பட்டும் இருந்தன.

எமக்கு அண்மையிலுள்ள உதாரணம் இந்தியாவைச் சேர்ந்த டிட்டோ ராஜரிஷி முகோபாத்யாயுடையது. கடுமையான ஓட்டிசம் உடைய, தெளிவாகப் பேச இயலாத அச்சிறுவனுக்குத் தாய் சோமா எழுத்துப் பலகையிலும் பின்னர் பென்சிலாலும் எழுதக் கற்பித்தார். ஓட்டிசம் பற்றிய ஆய்வில் பெரும் பெயர் பெற்ற லோர்னா விங் உள்ளிட்ட பிரித்தானிய நிபுணர்கள் அவரைப் பரிசோதித்தனர். அவரது எழுத்துகள் 2000 ஆம் ஆண்டில் லண்டனில் நூலாக வெளிவந்தன. தன் கையாலேயே எழுதியமையே அவரது நிகழ்வின் வலிமையாகும். எனினும், அம்முறை ஏனையோருக்கும் அவ்வாறே பலனளிக்கும் என்பது நிறுவப்படவில்லை. பலகையைப் பிடித்திருப்பவரின் தூண்டுதல் கலக்கும் அபாயத்தைச் சுட்டிக்காட்டி, அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிப்புலச் சங்கம் 2018 இல் கையைத் தாங்கும் முறையையும் இம்முறையையும் பரிந்துரைக்க முடியாது என அறிவித்தது. ஒருவர் சாதித்தார் என்பதால் எல்லோர் பெயரிலும் எழுதப்படுவன அவரவர் சொற்களாகிவிட மாட்டா.

கண்ணும் மூளையும் கூறும் விடை

விரலை நம்ப முடியாதாயின் வேறு எதனைக் கேட்பது? கடந்த சில தசாப்தங்களில் ஆய்வாளர்கள் பல வழிகளைக் கண்டறிந்துள்ளனர். முதலாவது, கண். இரு படங்களை அருகருகே காட்டி ஒரு சொல்லைக் கூறினால், சொல்லை அறிந்த குழந்தையின் பார்வை உரிய படத்தில் கூடுதல் நேரம் தங்கும். கைக்குழந்தைகளிடம் இம்முறை 1987 இலேயே கையாளப்பட்டது. இன்று பார்வையின் திசையைக் கணினியே பதிவு செய்கின்றது. இரண்டாவது, தொடுதிரை. சிறு தொடுகையே போதும். உடனே ஒலியோ ஒளியோ பரிசாகக் கிடைப்பதால் பிள்ளையின் ஈடுபாடு கூடுகின்றது.

மூன்றாவது, மூளையின் மின்னலை. பொருந்தாத சொல்லொன்றை எதிர்கொண்டால், ஏறத்தாழ 400 மில்லிசெக்கனில் மூளையில் குறிப்பிட்டதோர் அலை எழுவதை 1980 இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். "அம்மா சோற்றைச் சாப்பிட்டார்" என்பதற்கும் "அம்மா கதவைச் சாப்பிட்டார்" என்பதற்கும் மூளை வேறுவேறாகப் பதிலளித்தால், கேட்பவர் பொருளை உணர்கின்றார் என்று கொள்ள இடமுண்டு. உடலை அசைக்கத் தேவையில்லை. ஆனால் தலையில் பொருத்தும் உணரிகளைப் பல பிள்ளைகள் சகிப்பதில்லை. தனி ஒருவரைப் பற்றி உறுதியான முடிவு கூறும் அளவுக்கு இது இன்னும் முதிரவும் இல்லை.

நெதர்லாந்தில் பெருமூளை வாதம் உடைய பேசாத பிள்ளைகளுக்காகவே உருவாக்கப்பட்ட கணினித் தேர்வொன்று, கண்ணாலோ தலையாலோ உடலின் எந்தப் பகுதியால் அழுத்தக்கூடிய விசையாலோ விடையளிக்க இடமளிக்கின்றது. அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேச்சுக் குறைந்த ஓட்டிசம் உடையோரிடம் வழமையான படத்தேர்வு, தொடுதிரை, கண் நோக்கு, பெற்றோரின் கூற்று ஆகியவற்றை ஒப்பிட்டு 2016 இல் வெளியிட்ட ஆய்வு, ஆளுக்கு ஆள் பெரும் வேறுபாடு இருப்பதைக் காட்டியது. ஒரு முறையை மட்டும் நம்பாது பல முறைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இதன் சாரமாகும்.

எந்தத் தமிழில் கேட்பது?

இத்தேர்வுகளை மொழிபெயர்த்தால் போதுமே என்று கருதுவோர் உளர். தமிழின் இயல்பு அதற்கு இடந்தருவதில்லை. ஆங்கிலத்தில் யார் யாரைத் துரத்தினார் என்பதைச் சொற்களின் வரிசை கூறிவிடும். தமிழில் "நாய் பூனையைத் துரத்துது", "நாயைப் பூனை துரத்துது" என்ற இரண்டும் நாயிலேயே தொடங்குகின்றன. துரத்துவது யார் என்பதைச் சொல்வது "ஐ" என்ற ஒரு சிறு உருபு. அதனைச் செவியில் பிடிக்காத பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. தமிழ்ப் பிள்ளையின் விளக்கத்தை அளப்போர் இந்த உருபைச் சோதிக்க வேண்டும். மொழிபெயர்க்கப்பட்ட தேர்வில் அது தவறிப் போகும்.

எதிர்மறையும் அவ்வாறே. "ஓடு", "ஓடாதே" என்ற இரண்டுக்கும் வேர் ஒன்று. விலக்கு வினையின் உள்ளேயே அடங்கியுள்ளது. வேரை மட்டும் விளங்கிக் கொள்ளும் பிள்ளையிடம் "ஓடாதே" என்று கத்தினால், அது ஓடும். அடங்காத பிள்ளை என்று பெயர் சூட்டி அடிப்போம். உண்மையில் அப்பிள்ளை தனக்கு விளங்கியதைச் செவ்வனே செய்திருக்கின்றது. "நில்" என்று சொல்லியிருந்தால் நின்றிருக்கும். விளக்கத்தின் அளவை அறிவதால் வீட்டில் உடனடியாக விளையக்கூடிய நன்மைக்கு இதனை விடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்தது, எந்த வீட்டுத் தமிழ் என்பது. எழுத்துத் தமிழில் அமைந்த வினாவை, வீட்டில் ஒருபோதும் அத்தமிழைக் கேளாத பிள்ளையிடம் கேட்பது நியாயமாகாது. தமிழகத்தில் தயாரான படத்தேர்வு "நாற்காலி" என்று கேட்கும். வன்னிப் பிள்ளை அறிந்தது "கதிரை". முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை "வாப்பா", தாய் "உம்மா", மூத்த சகோதரன் "நானா", கறி "ஆணம்". சாப்பாட்டுத் தட்டை ஒரு வீட்டில் "கோப்பை" என்பர், இன்னொரு வீட்டில் "பீங்கான்" என்பர். "அப்பா எங்கே?" என்ற கேள்விக்குத் திரும்பாத பிள்ளை "வாப்பா எங்கே?" என்றதும் திரும்பலாம்.

வன்னியில் இது மேலும் சிக்கலானது. 1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், 1990 இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் நீண்டகாலம் வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும், ஆதியிலிருந்தே இம்மண்ணில் வாழ்வோரும் இங்கே கலந்துள்ளனர். ஒவ்வொரு வீட்டின் சொற்களும் வேறு. வைத்தியசாலையில் சிங்களம் பேசும் நிபுணர் கேட்க, உடன் நிற்கும் ஒருவர் மொழிபெயர்த்தால், அளக்கப்படுவது பிள்ளையின் விளக்கமா மொழிபெயர்ப்பாளரின் சொல்தேர்வா என்பது ஐயத்துக்குரியதே. பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களுக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்தில் நடைபெற்று வருகின்றது. எனினும் தமிழில் பணியாற்றக் கூடியோரின் பற்றாக்குறை நீண்டகாலமாகவே உணரப்பட்டு வருகின்றது.

உள்ளூருக்கேற்ற கருவிகளை எம்மால் உருவாக்க முடியாது என்பதும் இல்லை. ஓட்டிசத்தின் அறிகுறிகளைப் புகைப்படங்களாகத் தாயிடம் காட்டிக் கேட்டறியும் கருவியொன்றை இலங்கை மருத்துவர்களே உருவாக்கி, 2017 இல் அதன் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். அத்தகைய முயற்சி தமிழ்மொழி விளக்கத்துக்கும் வேண்டும். யாழ்ப்பாண, வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் மொழியியல், கல்வியியல், மருத்துவத் துறையினர் ஒன்றுசேர்ந்தால் கைகூடாத காரியம் அன்று.

வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவை

முதலில் செவி. பேசாத பிள்ளையின் செவிப்புலனைப் பரிசோதிக்காமல் விளக்கத்தைப் பற்றிப் பேசுவது அடித்தளமில்லாத கட்டடமாகும். கதவு அடிபட்டால் திரும்புகின்றது என்பது போதாது. பேச்சொலியின் நுட்பங்கள் மட்டும் கேளாத குறைபாடும் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் ஊடாகவோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகவோ கோரிக்கை விடுத்து வைத்தியசாலையில் முறையான சோதனையைப் பெறுதல் முதற்படியாகும்.

அடுத்து, ஒரு கொப்பியை எடுத்து, பிள்ளைக்கு விளங்குவதாகத் தோன்றும் சொற்களை வீட்டுத் தமிழிலேயே எழுதி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, சைகையோ பார்வையோ வழமையோ இல்லாமல் சொல் மட்டும் கூறப்பட்டபோதும் விளங்கியதா என்று குறியுங்கள். குளிக்கும் நேரம் அல்லாதபோது, கையில் துவாய் இல்லாமல், "சவர்க்காரம் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக, எளிய தேர்வு ஒன்றைச் செய்யலாம். பிள்ளை ஒரே அளவில் விரும்பும் இரு பொருட்களை அதன் முன் இடைவெளி விட்டு வைத்து, முன்னே பார்த்தபடி ஒன்றின் பெயரை மட்டும் கூறுங்கள். தொடுவதையோ எடுப்பதையோ நோக்குவதையோ விடையாகக் கொள்ளுங்கள். எப்போதும் வலப்பக்கத்தையே தொடும் பிள்ளைகள் இருப்பதால், இடங்களை முன்னொழுங்கின்றி மாற்றுங்கள். இதனைக் கையடக்கத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பின்னர், எந்தச் சொல் கேட்கப்பட்டது என்று அறியாத ஒருவர், ஒலியை நிறுத்திவிட்டு அப்பதிவைப் பார்த்து, பிள்ளை தெரிவு செய்ததை எழுதட்டும். அதன்பின் ஒப்பிட்டுப் பாருங்கள். அன்பு செய்யும் பிழையிலிருந்தும் அவநம்பிக்கை செய்யும் பிழையிலிருந்தும் இது காக்கும்.

தற்செயலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரு பொருட்களில் ஒன்றைத் தெரியும் தேர்வில் ஒன்றும் விளங்காதவருக்கும் 20 வினாக்களில் ஏறத்தாழ 10 சரியாகும். நான்கு படங்களாயின் 5 சரியாகும். ஆகவே 20 இல் 11 சரி என்பதற்காக மகிழவும் வேண்டாம். இரு பொருள் தேர்வில் 15 அல்லது அதற்கு மேல் சரியாகின், அது தற்செயலாக நேரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டளவே; அப்போது நம்பலாம். குறைந்த புள்ளி வந்தாலோ, "இன்று, இந்த முறையில் விளக்கம் வெளிப்படவில்லை" என்று மட்டுமே எழுதுங்கள். நித்திரையோ பசியோ சோர்வோ இருந்த நாளாக இருக்கலாம். நாளுக்குச் சில நிமிடங்கள், பிள்ளை உற்சாகமாக உள்ள வேளையில் செய்வதே நன்று. இக்கொப்பியும் பதிவுகளும், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ சிகிச்சையாளரைச் சந்திக்கும் அந்தச் சொற்ப நேரத்தில், பிள்ளை வாய் திறவாத போதும் அதற்காகப் பேசும்.

அளந்த பின்னர் என்ன?

விளக்கத்தை அறிவதன் நோக்கம் புள்ளியிட்டுக் கோவையில் வைப்பது அன்று. விடையளிக்க ஒரு வழியை அமைத்துக் கொடுப்பதற்காகவே அறிகின்றோம். படப்பலகை, "ஓம்", "இல்லை" என்பவற்றுக்கான கண்ணசைவு, படங்களைத் தொட்டால் பேசும் செயலி என வழிகள் பல. சென்னையில், வித்யாசாகர் நிறுவனத்தின் பிள்ளைகளோடு பழகிய அனுபவத்திலிருந்து அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் என்ற பேசும் கருவி, பின்னர் தமிழிலும் பயன்படுத்தக் கூடிய செயலியாக வளர்ந்தமை இத்துறையில் நம்மவர் கண்ட முன்னேற்றத்துக்கு எடுத்துக்காட்டாகும். கருவி இல்லாத வீட்டில், மட்டையில் ஒட்டிய ஆறு புகைப்படங்களும் ஒரு தொடக்கமே.

சட்டமும் இதனையே எதிர்பார்க்கின்றது. இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 118 ஆம் பிரிவு, கேட்கப்படும் வினாக்களை விளங்கி அறிவுக்கேற்ற விடையளிக்க இயலாதோர் தவிர்ந்த அனைவரும் சாட்சியமளிக்கத் தகுதியுடையோர் என்கின்றது. 119 ஆம் பிரிவு, பேச இயலாதவர் எழுத்தாலோ சைகையாலோ மன்றில் சாட்சியமளிக்க இடமளிக்கின்றது. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இச்சட்டத்தில் பேச்சு ஒரு தகுதியாகக் கொள்ளப்படவில்லை, விளக்கமே கொள்ளப்பட்டுள்ளது. இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சாசனமும், பேச்சுக்கு மாற்றான தொடர்பாடல் வழிகளைத் தொடர்பாடலாகவே அங்கீகரிக்கின்றது. ஆயினும், விளக்கத்தைச் செம்மையாக அளக்கத் தெரிந்தோர் இல்லாத மாவட்டத்தில் இவ்வுரிமைகள் ஏட்டளவிலேயே நின்றுவிடும். தீங்கிழைப்போர் பேசாதோரைத் தேடிச் செல்வதற்கும் இதுவே வாய்ப்பாகிவிடுகின்றது.

அளவீட்டின் முடிவு தெளிவாகாத வரையில் எவ்வாறு நடந்து கொள்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. அமெரிக்கக் கல்வியியலாளர் ஆன் டொனலன் 1984 இல் முன்வைத்த அளவுகோல் இங்கே பயன்படும். உறுதியான சான்று இல்லாதபோது, எந்த ஊகம் பிழையாகிப் போனால் குறைந்த தீங்கை விளைவிக்குமோ அதனையே கைக்கொள்ளுங்கள் என்பது அது. விளங்காத பிள்ளையிடம் விளங்கும் எனக் கருதிப் பேசினால் இழப்பது சில வார்த்தைகள். விளங்கும் பிள்ளையை விளங்காதது எனக் கருதி, அதன் முன்னிலையிலேயே "இதுக்கு ஒண்டும் தெரியாது" என்று பேசினால், அப்பிள்ளை அதனைக் கேட்டுக் கொண்டு மௌனமாக வாழ வேண்டியிருக்கும்.

ஆகவே விளங்கும் எனக் கொண்டு பேசுவோம், கற்பிப்போம், கேட்போம். அதே வேளையில், அவர் சொல்லாததை அவர் பெயரில் நாம் சொல்லாதிருப்போம். மாகாண சுகாதார, கல்வி அமைச்சுகள் செய்ய வேண்டியவையும் தெளிவானவையே: தமிழில் பணியாற்றும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களுக்கான பதவிகளை வன்னியின் ஒவ்வொரு மாவட்டத்திலும் உருவாக்கி நிரப்புதல், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட மக்களுக்காக மாங்குளம், கனகராயன்குளம் ஆகிய இடங்களில் நடமாடும் சேவையை ஒழுங்காக நடத்துதல், முன்பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் இது பற்றிய பயிற்சியளித்தல், ஒரு தடவை எழுதப்பட்ட "விளக்கமில்லை" என்ற குறிப்பை ஆண்டுதோறும் மீளாய்வு செய்தல். பேசாத ஒருவருக்கு எவ்வளவு விளங்குகின்றது என்பதை அறிய எடுக்கும் சிரமம், அவரையும் நம்மில் ஒருவராகக் கருதுகின்றோமா என்பதற்கான அளவீடும் ஆகும்.